பெயர் இல்லாமல் யாருக்கு நினைவு நாள்?

(தொழிலாளர் குடும்பங்கள் கூடிய நினைவு நாள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களும் படிப்பதற்காக எழுத்தில் தரப்படுகிறது.)



உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஒரு நாள் ஓவர்டைம் போனால் வீட்டில் என்ன குறையும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இனப்படுகொலையில் மாண்டவர்களுக்கு நினைவு நாள் எடுக்கிறோம். விளக்கு ஏற்றுகிறோம், ஒரு நிமிடம் மௌனமாக நிற்கிறோம். சரி. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் யாரை நினைக்கிறீர்கள்? "ஆயிரக்கணக்கானோர்" என்ற சொல்லை நினைத்து யாராலும் அழ முடியாது. நம் வீட்டில் திதி கொடுக்கப் போனால் ஐயர் முதலில் என்ன கேட்கிறார்? இறந்தவர் பெயர் என்ன என்று கேட்கிறார். பெயர் சொல்லாமல் எள்ளும் தண்ணீரும் இறைக்க முடியாது என்பது நம் பாட்டன் பூட்டனுக்கே தெரிந்த விஷயம். பழந்தமிழர் நட்ட நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்கப் போய் மாண்டவனுக்குக்கூட, இன்னாருடைய மகன் இன்னார், இன்ன சண்டையில் பட்டான் என்று வெட்டி வைத்தார்கள்.

நினைவு நாளுக்கு உயிர் கொடுப்பது பெயர்தான். இதை உலகத்துக்குக் காட்டியவர்கள் பெரிய படிப்பாளிகள் அல்லர். பொஸ்னியா நாட்டுக் கிராமத்துப் பெண்கள். அவர்களுடைய கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிறகு நம் கதைக்கு வருகிறேன்.

பொஸ்னியா என்றவுடன் நம்மில் வயதானவர்களுக்கு ஞாபகம் வரும். 1993 முதல் மலேசிய ராணுவ வீரர்கள் ஐ.நா. படையில் அங்கே பணியாற்றினார்கள். யூகோஸ்லாவியா என்ற நாடு உடைந்தபோது அங்கே 1992-இல் போர் மூண்டது. கிழக்குப் பகுதியில் ஸ்ரெப்ரெனிட்சா என்ற சிறிய ஊர். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து விரட்டப்பட்ட பொஸ்னிய முஸ்லிம்கள் அங்கே அடைக்கலம் புகுந்தார்கள். 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அந்த ஊரைப் "பாதுகாப்புப் பகுதி" என்று அறிவித்தது. நெதர்லாந்து வீரர்கள் காவலுக்கு நின்றார்கள். அந்த அறிவிப்பை நம்பித்தான் மக்கள் அங்கேயே இருந்தார்கள்.

1995 ஜூலை 11-ஆம் தேதி ஜெனரல் ராட்கோ ம்லாடிச் தலைமையிலான பொஸ்னிய செர்பியப் படை ஊருக்குள் நுழைந்தது. பக்கத்தில் பொத்தோச்சாரி என்ற இடத்தில், பழைய பேட்டரித் தொழிற்சாலையில் ஐ.நா. முகாம் இருந்தது. மக்கள் அங்கே ஓடினார்கள். அங்கேதான் ஆண்களை ஒரு பக்கம், பெண்களையும் குழந்தைகளையும் ஒரு பக்கம் பிரித்தார்கள். மீசை அரும்பாத பையன்களும் ஆண்கள் வரிசைக்குப் போனார்கள். பெண்களைப் பேருந்திலும் லாரியிலும் ஏற்றி அனுப்பினார்கள். காட்டு வழியாகத் தப்பி ஓடிய ஆண்களையும் வேட்டையாடினார்கள். சில நாட்களுக்குள் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

அதோடு முடியவில்லை. சில மாதங்கள் கழித்துக் கொலைகாரர்கள் திரும்ப வந்தார்கள். புதைகுழிகளை மண்வாரி இயந்திரங்களால் தோண்டி, உடல்களை லாரியில் அள்ளி, வேறு இடங்களில் மறைத்தார்கள். இயந்திரம் அள்ளினால் உடல் முழுதாகவா வரும்? ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு, மூன்று, சிலருக்கு அதற்கும் அதிகமான குழிகளில் சிதறின. உடலே இல்லையென்றால் கொலையே நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதுதான் கணக்கு.

இப்போது அந்தப் பெண்களைப் பாருங்கள். வீடு போனது, நிலம் போனது. கணவன், மகன், அண்ணன், தம்பி யாரும் இல்லை. துஸ்லா என்ற நகரில் அகதிகளாகக் கிடந்தார்கள். பலர் வயலும் மாடுமாக வாழ்ந்தவர்கள். வழக்கறிஞர் வைக்கப் பணமில்லை, பத்திரிகையில் செல்வாக்கில்லை. கையில் இருந்தது ஊசியும் நூலும்தான். தலையணை உறையை எடுத்தார்கள். அதில் தம் பிள்ளையின் பெயரைத் தைத்தார்கள். அப்படிப் பெயர் தைத்த உறைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் 11-ஆம் தேதி துஸ்லா தெருவில் ஊர்வலம் போனார்கள். மழையிலும் போனார்கள், பனியிலும் போனார்கள். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, வருடக் கணக்காக!

கவனியுங்கள். அரசாங்கம் விடுமுறை அறிவித்த பிறகு அவர்கள் நினைவு நாள் எடுக்கவில்லை. ஐ.நா. தீர்மானம் போட்ட பிறகும் எடுக்கவில்லை. மாதம் ஒரு நாளை அவர்களே பிடித்துக்கொண்டார்கள். பிற்பாடு நடந்ததெல்லாம் அதன் பின்னால் வந்தது.

புதைக்கும் இடத்திலும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வேறு ஊரில் இடம் தருகிறோம் என்று சொன்னால் நாமாக இருந்தால் ஒருவேளை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருப்போம். எந்த இடத்தில் பிள்ளையின் கையை எங்கள் கையிலிருந்து பிரித்தார்களோ அந்தப் பொத்தோச்சாரியில்தான் புதைப்போம் என்று நின்றார்கள். அந்தப் பகுதியோ செர்பிய நிர்வாகத்தின் கையில் இருந்தது. 2000 ஜூலை 11-இல் பலத்த போலீஸ் காவலோடு பேருந்துகளில் அங்கே போனார்கள். அதே வருடம் அக்டோபரில், பொஸ்னியாவை மேற்பார்வை செய்த சர்வதேசப் பிரதிநிதி அந்த நிலத்தைக் கல்லறைக்கு ஒதுக்கினார். 2003 மார்ச் 31-ஆம் தேதி முதல் 600 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்த 600 பேரின் அடையாளம் எப்படித் தெரிந்தது? இரத்தத்தால் தெரிந்தது. காணாமற்போனவர்களுக்கான சர்வதேச ஆணையம் உறவினர்களிடம் இரத்த மாதிரி வாங்கியது. எலும்பிலிருந்து எடுத்த மரபணுவோடு தாயின் இரத்தத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஸ்ரெப்ரெனிட்சாவுக்காக மட்டும் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் விரலை நீட்டி இரத்தம் கொடுத்தார்கள். 2001 நவம்பரில் முதல் முறையாக ஒரு பெயர் இந்த முறையில் உறுதியானது. ஓர் இளம் பையன்.

இன்றுவரை 6,700-க்கும் மேற்பட்டவர்கள் பொத்தோச்சாரியில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இன்னும் ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஜூலை 11-ஆம் தேதி, அந்த ஆண்டில் அடையாளம் தெரிந்தவர்களை அடக்கம் செய்கிறார்கள். பச்சைத் துணி போர்த்திய பெட்டிகள் லாரியில் தலைநகர் சராயேவோ வழியாக வரும்போது, சனங்கள் சாலையின் இரு பக்கமும் நின்று லாரியின் மேல் பூவைச் செருகுகிறார்கள். 2025-இல், முப்பதாவது ஆண்டில், ஏழு பேரை அடக்கம் செய்தார்கள். அதில் இருவர் பத்தொன்பது வயது இளைஞர்கள்.

இதில் ஒரு கொடுமை உண்டு. தாய்க்குத் தொலைபேசி வரும்: "உங்கள் மகனின் இரண்டு எலும்புகள் கிடைத்திருக்கின்றன. இப்போது அடக்கம் செய்கிறீர்களா, மீதி கிடைக்கும்வரை காத்திருக்கிறீர்களா?" சிலர் காத்திருக்கிறார்கள். சிலர் தனக்கு வயதாகிவிட்டது, கண் மூடுவதற்குள் ஒரு கல் நட்டுவிட வேண்டும் என்று உள்ளதைப் புதைக்கிறார்கள். பிறகு இன்னொரு எலும்பு கிடைத்தால் கல்லறையை மறுபடி திறக்கிறார்கள். பிள்ளையைப் பெற்றவர்கள் இதற்கு மேல் நான் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

அங்கே கல்லில் வெட்டியிருக்கும் எண் 8372. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். கணக்கு இன்னும் முடியவில்லை என்று பொருள். எனக்கு அந்தப் புள்ளிகள் மிகவும் பிடித்திருக்கின்றன. தெரிந்ததைத் தெரிந்தது என்று சொல்கிறார்கள். தெரியாததை ஊதிப் பெருக்கவில்லை.

பெயர் இருந்ததால் என்ன நடந்தது? மறுத்தவர்கள் வாய் அடைபட்டார்களா என்றால், இல்லை. இன்றும் அங்கே செர்பிய அரசியல் தலைவர்கள் பலர் இது இனப்படுகொலை அல்ல என்று பேசுகிறார்கள். பட்டியலில் உள்ளவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்றுகூட ஒரு காலத்தில் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் வயது, ஊர், தகப்பன் பெயர், எலும்பு, தாயின் இரத்தம் என்று அடுக்கி வைத்தால் நீதிமன்றத்தில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஹேக் நகரில் இருந்த போர்க்குற்ற நீதிமன்றம் 2001-இல் இது இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தது. 2004-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 2007-இல் உலக நீதிமன்றமும் அதையே சொன்னது. ம்லாடிச்சுக்கு 2017-இல் ஆயுள் தண்டனை. 2021-இல் அது உறுதியானது. கடைசியாக, 2024 மே 23-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை ஜூலை 11-ஐ உலக நினைவு நாளாக அறிவித்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 19, நடுநிலை 68. பார்த்தீர்களா! எல்லாத் தீர்ப்பும் வந்த பிறகும், கல்லறைகள் கண் முன்னே இருக்கும்போதும், 87 நாடுகள் "ஆம்" என்று சொல்லவில்லை. உலகம் தானாக நம்மை நினைத்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நம் பக்கம் வருவோம்.

மே 18 எல்லோருக்கும் தெரியும். 2009-இல் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காக உலகமெங்கும் தமிழர்கள் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறோம். அங்கே கடைசி நாட்களில் சனங்களுக்குக் கிடைத்தது அந்த உப்புப் போட்ட கஞ்சிதான். இலங்கையில் 2024-இல் அந்தக் கஞ்சியை வழங்கியதற்காகத் திருகோணமலை மாவட்டத்தில் பெண்களைக் கைது செய்தார்கள். கஞ்சிப் பானைக்கு அரசாங்கம் ஏன் பயப்படுகிறது என்று யோசியுங்கள்.

ஆனால் அங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது? ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் 40,000 வரை இருக்கலாம் என்றது. 2012-இல் ஐ.நா.வின் இன்னோர் அறிக்கை 70,000-ஐக் குறிப்பிட்டது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அரசாங்கத்தின் குடிமதிப்புக் கணக்கையே எடுத்து 1,46,679 பேருக்குக் கணக்கில்லை என்றார். எண்ணைப் பற்றி எத்தனை வருடம் வேண்டுமானாலும் சண்டை போடலாம். எதிரிக்கும் அது வசதி. பெயர் வந்துவிட்டால் சண்டை சுருங்கிவிடும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017 முதல் பிள்ளைகளின் படத்தைக் கையில் ஏந்தித் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் இதைத்தான் செய்கிறார்கள். துஸ்லாவில் தலையணை உறை, வவுனியாவில் புகைப்படம்.

சரி, அது இலங்கை. இந்த மண்ணில்? நம் சொந்த வீட்டில்?

சயாம் மரண ரயில். இதை இனப்படுகொலை என்று நான் சொல்லவில்லை. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கம் இருந்தால்தான் 1948-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தப்படி அது இனப்படுகொலை. ஜப்பான்காரனுக்குத் தமிழனை ஒழிக்க வேண்டும் என்ற திட்டம் இல்லை. அவனுக்கு ரயில் வேண்டும், அதற்குக் கூலி ஆள் வேண்டும், ஆள் செத்தால் அவனுக்குக் கவலையில்லை. சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவோம். இல்லையென்றால் நாளை உண்மையான இனப்படுகொலையைச் சொல்லும்போதும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் மாண்டவர்கள் மாண்டவர்கள்தாம்.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இணைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. மலாயா தோட்டங்களிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள் என்பது மதிப்பீடு. பெரும்பாலோர் நம் பால்மரத் தமிழர்கள். நல்ல சம்பளம், சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள். பிறகு லாரியில் பிடித்துப் போட்டார்கள். காலரா வந்தது, மலேரியா வந்தது. மழைக்காலத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

காஞ்சனாபுரிக்குச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் 6,900-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, அநேகமாக ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. ஒவ்வோர் ஏப்ரல் 25-ஆம் தேதியும் ஆஸ்திரேலியர்கள் ஹெல்ஃபயர் கணவாயில் விடியற்காலை இருட்டில் கூடி நினைவு நாள் எடுக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படிப் பெயர் கிடைத்தது? முகாமிலேயே கைதிகள் ஒளித்து ஒளித்துப் பட்டியல் எழுதினார்கள். யார், எந்தத் தேதி, எங்கே புதைத்தோம் என்று குறித்து, அந்தத் தாளை மண்ணில் புதைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் 1945-லேயே ஒரு குழு தண்டவாளத்தை ஒட்டிப் போய் அந்தக் கல்லறைகளைத் தேடி எடுத்தது.

நம்மவர்களுக்குப் பட்டியல் எழுத ஆளில்லை. தேடிப் போகவும் யாரும் இல்லை. 1990-இல் காஞ்சனாபுரி நகரிலேயே ஒரு பெரிய புதைகுழியிலிருந்து நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஆசியத் தொழிலாளர்கள் என்றார்கள். அவ்வளவுதான். "ஆசியத் தொழிலாளர்கள்" என்பது ஒரு பெயரா?

நம் எழுத்தாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இதை நாவலாக எழுதினார்கள். மலேசியத் தமிழர்களின் முயற்சியால் 2023-இல் காஞ்சனாபுரியில் ஒரு நடுகல்லும் எழுந்தது. பாராட்ட வேண்டும். ஆனால் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று வாசிக்க நம் கையில் எத்தனை பெயர் இருக்கிறது?

பழைய தோட்டத்துக் குடும்பங்களில் ஒரு பேச்சு உண்டு. "தாத்தாவோட தம்பி ஒருத்தரு சயாமுக்குப் போனாரு, திரும்பி வரல." அவர் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "சின்னத் தாத்தான்னு சொல்லுவாங்க" என்பார்கள். எந்தத் தோட்டத்திலிருந்து போனார்? கல்யாணம் ஆனவரா? அவர் மனைவி என்ன ஆனார்? தெரிந்த பாட்டி இருந்தால் சொல்வார். 1943-இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று 90-ஐத் தாண்டிவிட்டார்கள். லாரி வந்த நாளைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தாம். தோட்டம் விற்றாயிற்று, லயம் இடித்தாயிற்று, ஆபீஸ் செக்ரோல் புத்தகம் எங்கே போனதென்று தெரியாது. நாமோ ஆளுக்கொரு ஃபிளாட்டில். மிச்சம் இருப்பது அந்தப் பாட்டியின் வாய் வார்த்தை மட்டும்தான்.

ஒரு விஷயம் வெளிப்படையாகச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். நம் நினைவுக் கூட்டங்களில் பாதி நேரம் மாலைக்கும் பொன்னாடைக்கும் போகிறது. ஒய்.பி. வரும்வரை காத்திருக்கிறோம். வந்தவர் தன் சாதனையைப் பேசி, மாதிரிக் காசோலையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மாண்டவர்களில் ஒருவர் பெயராவது அந்த மேடையில் உச்சரிக்கப்பட்டதா? பொத்தோச்சாரியில் அடக்கத்துக்கு முன் ஒவ்வொரு பெயரையும் உரக்க வாசிக்கிறார்கள். நேரம் ஆகும்தான். ஆகட்டுமே!

எந்தத் தேதியில் எடுப்பது என்று சிலர் கேட்கிறார்கள். அர்மேனியர்கள் ஏப்ரல் 24-ஐ எடுக்கிறார்கள். 1915-இல் அவர்களுடைய தலைவர்களையும் எழுத்தாளர்களையும் கைது செய்த நாள் அது. ஆகவே சாவு நாள்தான் வேண்டும் என்பதில்லை. உங்கள் தோட்டத்துக்கு லாரி வந்த நாள் தெரிந்தால் அதுவே போதும். தெரியாவிட்டால் ஆடி அமாவாசை இருக்கிறது. மாண்ட முன்னோரை நினைப்பதற்கென்றுதானே அந்த நாளை வைத்திருக்கிறோம்.

செய்ய வேண்டிய வேலை இது. பிள்ளையின் பழைய பள்ளி நோட்டு ஒன்று போதும். இந்த வாரம் வீட்டிலோ சொந்தத்திலோ உள்ள மூத்தவரிடம் போய் உட்காருங்கள். சும்மா போகாதீர்கள், பசியாற ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், அவர் அனுமதியோடு. போனவர் பெயர், தகப்பன் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தோட்டம், அப்போது சுமார் எத்தனை வயது, யாரோடு போனார், கடைசியாக அவரைப் பார்த்தது யார். திரும்பி வந்தவர்களையும் எழுதுங்கள். அவர்கள் யாரைப் பற்றிச் சொன்னார்கள் என்று கேளுங்கள். நிச்சயமாகத் தெரிந்ததை ஒரு பக்கமும், கேள்விப்பட்டதை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். பாட்டி அழுதால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், மறுவாரம் போகலாம்.

இளைஞர்களே, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேர் முன்வந்து இந்த நோட்டுகளைச் சேருங்கள். அடுத்த கூட்டத்தில் உரை என்று எதுவும் வேண்டாம். வந்திருக்கும் பெயர்களை வாசிப்போம். பத்துப் பெயர் வந்தால் பத்து. அந்தந்தக் குடும்பத்துப் பிள்ளையே எழுந்து வாசிக்கட்டும். பட்டியலின் கடைசியில் நாமும் மூன்று புள்ளி வைப்போம்.

தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா போதவில்லை, ஒருவருக்கொருவர் கொடுத்து எழுதுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படும் தாய்மார்களுக்கு எழுதிக்கொடுக்கப் பின்வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். தேநீர் முடிந்து போய்விடாதீர்கள், முதலில் மேசைக்கு வாருங்கள்.